ராஜபாளையம், சிப்பிப்பாறை வளர்ப்போர் குழு: மாதக் கூடல் முதல் நாய் மீட்பு வரை முழுமையான வழிகாட்டி

ராஜபாளையம் குட்டியை முதன்முதலாக வீட்டுக்குக் கொண்டுவந்தவருக்கு வாரம் ஒரு சந்தேகமாவது வரும். கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கவில்லையே, காது கேட்கவில்லையா? எட்டு மாதக் குட்டி ஊரிலிருந்து வந்த மாமாவைப் பார்த்து உறுமுகிறதே, இது சரியா? கேட்க ஆள் இல்லாவிட்டால் அந்தச் சந்தேகம் பயமாகும். பயம் வந்த வீட்டில் நாய் சங்கிலிக்குப் போகும். சங்கிலியிலேயே கிடக்கும் நாய் இன்னும் முரடாகும். கடைசியில் ஒருநாள் அதை வண்டியில் ஏற்றிப் புறவழிச்சாலையில் இறக்கிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போய்விடுவார்கள். நான் மீட்கப் போன நாய்களில் பலவற்றின் கதை இதுதான். முதல் சந்தேகம் வந்த அன்றே விவரம் தெரிந்த ஒருவர் பக்கத்துத் தெருவில் இருந்திருந்தால் அந்த நாய் சாலைக்கு வந்தே இருக்காது.

அதனால்தான் இந்த வழிகாட்டியில், வளர்ப்போர் நாய்களோடு மாதம் ஒருமுறை சந்திக்கும் கூடலை முதலில் வைத்திருக்கிறேன். மீட்புக் குழு தொடங்க வேண்டும் என்று ஆர்வத்தோடு வருகிறவர்களிடம் நான் சொல்வதும் அதுதான்: ஆறு மாதம் கூடுங்கள், பிறகு மீட்கப் போங்கள். ஒருவரையொருவர் அறியாத பத்துப் பேர் சேர்ந்து மீட்ட நாய் கடைசியில் ஒரே ஒருவர் வீட்டு மாடியில்தான் கிடக்கும்.

எந்த நாய்களுக்காக, ஏன் இப்போது

தென் மாவட்டங்களின் நான்கு நாய்களை மனத்தில் வைத்து எழுதுகிறேன்: ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை. முதல் இரண்டும் தேசிய விலங்கு மரபு வளப் பணியகத்தில் 2020இல் முறையாகப் பதிவான இனங்கள். ராஜபாளையத்துக்கு 2005 ஜனவரியில் அஞ்சல்தலையே வந்தது. அன்று வெளியான நான்கு இந்திய நாய் இனங்களில் அதுவும் ஒன்று. 2020 ஆகஸ்டில் பிரதமரின் வானொலி உரையில் இந்த நான்கு நாய்களின் பெயரும் வந்தது. பெருமையாகத்தான் இருந்தது. ஆனால் பெருமை பரவப் பரவ, இவற்றின் குணம் தெரியாமல் குட்டி கேட்பவர்களும் கூடினார்கள்.

ராஜபாளையம் வளர்ந்தால் தோள் உயரம் 65 முதல் 75 சென்டிமீட்டர் வரும். வீட்டாரிடம் ஒட்டிக்கொள்ளும், அந்நியரைத் தொட விடாது. சிப்பிப்பாறையும் கன்னியும் கண்ணால் கண்டு துரத்தும் நாய்கள். ஒன்று சாம்பலிலும் செவலையிலும் வரும், மற்றது கருப்பு உடலில் செம்மண் நிறப் புள்ளிகளோடு வரும். உடல்வாகில் அக்காள் தங்கை போல இருக்கும். கோம்பை, தேனி மாவட்டத்துக் கோம்பை ஊரின் பெயரைத் தாங்கிய காவல் நாய். இரண்டு அறை கொண்ட அடுக்குமாடி வீட்டில், காலை எட்டு மணிக்குக் கதவைப் பூட்டிவிட்டு இரவு எட்டுக்குத் திரும்பும் குடும்பத்தில், இவற்றில் எதுவும் நிம்மதியாக வாழாது. இதைக் குட்டி வாங்கும் முன்பே ஒருவருக்குச் சொல்லிப் புரியவைப்பதும் மீட்புப் பணிதான் என்பேன்.

முதல் கூடலுக்கு முன்

ஐந்து அல்லது ஆறு வீடுகள் போதும். உங்கள் ஊர் கால்நடை மருத்துவரிடம் போய், இந்த நான்கு இன நாய்களைக் கொண்டுவருகிறவர்களிடம் உங்கள் எண்ணைக் கொடுக்கச் சொல்லுங்கள். அவர்களின் எண்ணை அவர் உங்களுக்குத் தர வேண்டாம். விருப்பமுள்ளவர்கள் தாமாக அழைப்பார்கள். எங்கள் குழு அப்படித்தான் ஏழு குடும்பத்தோடு தொடங்கியது. அதில் ஒருவர் எழுபது வயதைத் தாண்டிய பெரியவர். நான்கு தலைமுறையாகச் சிப்பிப்பாறை வளர்க்கும் வீடு. நாங்கள் புத்தகத்திலிருந்து பேசுவதை எல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "தம்பி, முதலில் நாயின் தொடையைப் பார்க்கக் கற்றுக்கொள்ளுங்கள்" என்றார். அதன் பொருள் பிறகு வருகிறது.

இடம் தேர்வதுதான் பெரிய வேலை. திறந்த கண்மாயும் கடற்கரையும் பார்க்க அழகாக இருக்கும். ஆனால் சிப்பிப்பாறைக்குத் தூரத்தில் ஓர் ஆடு அசைந்தால் போதும், நீங்கள் கூப்பிடுவது அதன் காதில் விழாது. ஆறடிக்குக் குறையாத மதிலோ கம்பி வேலியோ உள்ள இடமாகப் பாருங்கள். மதில் வைத்த மாந்தோப்பு, விடுமுறை நாளில் பள்ளி மைதானம், பயன்படாத அரவை ஆலை வளாகம் ஆகியவை நன்றாக அமையும். முந்தின நாள் மாலை ஒருமுறை நடந்து பார்த்துவிடுங்கள். வேலியில் இடைவெளி இருக்கிறதா, உடைந்த கண்ணாடி கிடக்கிறதா, எலி மருந்து வைத்திருக்கிறார்களா, பக்கத்துக் காட்டில் ஆடு மேய வருமா என்று தோட்டக்காரரிடமே கேளுங்கள்.

நேரம் காலை ஆறு மணி. பங்குனி தொடங்கி ஆனி வரை ஏழரைக்கு முடித்துவிட வேண்டும். புறங்கையைத் தரையில் வைத்து ஏழு வரை எண்ணுங்கள். கை தாங்கவில்லை என்றால் நாயின் பாதமும் தாங்காது. வெறும் வயிற்றோடு வரச் சொல்லுங்கள். ஆழமான மார்புக்கூடு உள்ள நாய்கள் வயிறு நிறைய உண்டுவிட்டு ஓடினால் இரைப்பை உப்பி முறுக்கிக்கொள்ளும் அபாயம் உண்டு. சில மணி நேரத்தில் உயிரைக் குடித்துவிடும் கோளாறு அது. ஓடி முடித்து ஒரு மணி நேரம் கழித்துத்தான் சாப்பாடு.

யார் வரலாம், யார் வரக்கூடாது என்பதைத் தொடக்கத்திலேயே எழுதி எல்லாருக்கும் அனுப்பிவிடுங்கள். தடுப்பூசி அட்டை இல்லாத நாய்க்கு அனுமதி இல்லை. தடுப்பூசித் தொடர் முடியாத குட்டிகளும் வேண்டாம். பதினாறு வாரம் வரை அவற்றுக்குப் பார்வோ என்ற குடல் நோயின் பயம் இருக்கிறது, அந்தக் கிருமி மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். பருவத்துக்கு வந்த பெட்டை அன்று வீட்டிலேயே இருக்கட்டும். ஒரு பெட்டையின் வாடைக்காக நான்கு கடுவன்கள் மோதிக்கொண்டதைப் பார்த்த பிறகு இந்த ஒரு விதியில் நான் யாருக்கும் விலக்குக் கொடுப்பதில்லை.

இன்னும் இரண்டு தடைகள் உண்டு. கூடலில் குட்டி விற்பனை கூடாது. எட்டு வாரத்துக்கு உட்பட்ட குட்டியை விற்பதும், பதிவு பெறாமல் இனப்பெருக்கம் செய்து விற்பதும் 2017ஆம் ஆண்டு நாய் இனப்பெருக்க விதிகளுக்கு எதிரானவை. அதைவிட, விற்பனை நுழைந்த இடத்தில் உண்மைப் பேச்சு நின்றுவிடும். தன் நாயின் குறையை யாரும் சொல்ல மாட்டார்கள். இரண்டாவது, முயல் வேட்டைப் பேச்சு. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம். வேட்டை இந்த நாய்களின் ரத்தத்தில் இருக்கிறது என்று சிலர் வாதாடுவார்கள். ஓட்டம்தான் ரத்தத்தில் இருக்கிறது. ஒரு நீளக் கயிற்றின் முனையில் துணியைக் கட்டி இழுத்து ஓடுங்கள். அதே மகிழ்ச்சியோடு துரத்தும்.

கூடல் நாளன்று

நாய்களை வாசலில் மொத்தமாக நிறுத்தாதீர்கள். ஒவ்வொரு வண்டிக்கும் ஐந்து நிமிட இடைவெளி கொடுங்கள். புதிதாக வரும் நாயை முகத்துக்கு முகம் கொண்டுபோய் நிறுத்தினால் ராஜபாளையம் அதைச் சவாலாகவே எடுத்துக்கொள்ளும். இரண்டையும் ஒரே திசையில், இருபது அடி இடைவெளி விட்டு, மதிலோரமாகக் கால் மணி நேரம் நடத்துங்கள். வால் தளர்ந்து, தலை தாழ்ந்து தரையை மோக்கத் தொடங்கினால் இடைவெளியைப் பாதியாக்கலாம். வால் விறைத்து, வாய் மூடி, கண் ஒரே இடத்தில் குத்தி நின்றால் அன்று அந்த இரண்டும் நெருங்க வேண்டாம். அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம். அவசரம் ஒன்றும் இல்லை.

கழுத்துப் பட்டையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். சிப்பிப்பாறைக்கும் கன்னிக்கும் தலையைவிடக் கழுத்து அகலம். சாதாரணப் பட்டையைப் பின்னோக்கி ஒரே இழுப்பில் உருவிக்கொண்டு போய்விடும். இழுத்தால் அளவோடு இறுகி, விட்டால் தளரும் மார்ட்டிங்கேல் பட்டையே இவற்றுக்கு ஏற்றது. கடையில் கிடைக்காவிட்டால் செருப்புத் தைக்கிறவரிடம் அகலமான நாடாவும் இரண்டு வளையமும் கொடுத்தால் தைத்துத் தருவார். குழுவில் நான்கு பட்டைகள் உபரியாக எப்போதும் இருக்கட்டும்.

ஒவ்வொரு நாய்க்கும் தனித் தண்ணீர்ச் சட்டி. பொது இடத்தில் தீனி போட வேண்டாம், சண்டை அங்கேதான் தொடங்கும். வந்தவர்கள் அன்போடு கொண்டுவரும் பிரியாணி எலும்பையும் வாங்கி மூடி வைத்துவிடுங்கள். வெந்த எலும்பு குடலில் சிலாம்பாகக் குத்தும். முதலுதவிப் பையில் கட்டுத்துணி, உண்ணி பிடுங்கும் கொக்கி, வாய்ப்பூட்டு, பெரிய போர்வை ஆகியவை போதும். மனிதர்கள் போடும் வலி மாத்திரையை நாய்க்குக் கொடுக்கவே கூடாது.

சண்டை மூண்டுவிட்டால் கையை நடுவில் நீட்டாதீர்கள். வாளித் தண்ணீரை முகத்தில் வீசுங்கள், அல்லது போர்வையை மேலே போடுங்கள். பிரிந்ததும் இரு நாய்களையும் எதிர்த் திசையில் கொண்டுபோய்விட வேண்டும். யாருக்காவது பல் பட்டால், நாய்க்குத் தடுப்பூசி போட்டிருந்தாலும் கூட, ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். கடித்த நாயைப் பத்து நாள் கண்காணிப்பில் வையுங்கள்.

ஓட்டம் முடிந்ததும் நாய்களை நிழலில் கட்டிவிட்டு மனிதர்கள் உட்கார வேண்டும். இந்த அரை மணி நேரத்துக்காகத்தான் மற்ற எல்லாம். தேநீர், சுண்டல், வட்டமாக ஒரு பாய். ஒவ்வொருவரும் அந்த மாதம் நாயோடு பட்ட ஒரு தொல்லையைச் சொல்ல வேண்டும் என்பது எங்கள் வழக்கம். ஒருமுறை ஒரு பெண் வெகு நேரம் தயங்கிவிட்டு, "என் வீட்டுக்காரர் இதை யாருக்காவது கொடுத்துவிடச் சொல்கிறார்" என்றார். குழந்தை பிறந்து நாற்பது நாள் ஆகியிருந்தது. தொட்டிலுக்குப் பக்கத்தில் யாரையும் விடாமல் நாய் காவல் இருக்கிறது, மாமியாருக்கே பயம். அங்கிருந்த மூன்று பேர் அதே கட்டத்தைக் கடந்தவர்கள். ஒருவர் மறுநாள் மாலையே அந்த வீட்டுக்குப் போனார். நாய்க்கு முற்றத்தில் தனி இடம், வீட்டுக்கு வருகிறவர் கையாலேயே ஒருவேளைச் சாப்பாடு, குழந்தை அழும்போது நாயை வெளியே அழைத்துச் செல்லும் பழக்கம், இரண்டையும் ஒருபோதும் தனியே விடாத கட்டுப்பாடு. மூன்று வாரத்தில் வீடு அமைதியானது. அந்த நாயை நாங்கள் மீட்கவே தேவைப்படவில்லை.

பேரேடு ஒன்று

பெரிய நோட்டு ஒன்று வாங்குங்கள். உறுப்பினர் வீடு, நாயின் வயது, தடுப்பூசித் தேதி, மைக்ரோசிப் இருந்தால் அதன் 15 இலக்க எண் ஆகியவற்றோடு மூன்று கேள்விகளுக்கு விடையும் எழுதிக்கொள்ளுங்கள். இரவு பத்து மணிக்கு வண்டி எடுத்துவர முடியுமா? பதினான்கு நாள் ஒரு நாயைத் தனி அறையில் வைத்திருக்க முடியுமா? மாதம் எவ்வளவு கொடுக்க முடியும்? எல்லாவற்றுக்கும் ‘முடியாது’ என்று ஒருவர் சொன்னால் அதையும் மதித்து எழுதுங்கள்; அவர் புதியவர்களோடு தொலைபேசியில் பேசலாம், அதுவும் பெரிய உதவி. தற்காலிக வளர்ப்பு வீடு இரண்டாவது உறுதியாகும் வரை மீட்பு அழைப்பை ஏற்காதீர்கள்.

அழைப்பு வரும்போது

பெரும்பாலும் ஒரு படம் வரும். "பட்டினி போட்டுக் கொன்றிருக்கிறார்கள், எலும்பெல்லாம் தெரிகிறது" என்று எழுதியிருப்பார்கள். இங்கேதான் பெரியவர் சொன்ன தொடை. நல்ல ஆரோக்கியத்தில் உள்ள சிப்பிப்பாறைக்கும் கடைசி இரண்டு மூன்று விலா எலும்பும் இடுப்பு முனையும் தெரியும். அது அதன் வாகு. தொடையைப் பாருங்கள். சதை திரண்டு இறுகி இருந்தால் அது பட்டினி கிடந்த நாய் ஆகாது, வீட்டிலிருந்து தப்பி ஓடி வந்ததாகவே இருக்கும். உரிமையாளர் எங்கோ அழுதுகொண்டு தேடிக்கொண்டிருப்பார். தொடை வற்றி, முதுகுத்தண்டின் முடிச்சு ஒவ்வொன்றும் எண்ணும்படி தெரிந்து, கண்ணுக்கு மேல் குழி விழுந்திருந்தால்தான் பட்டினி.

ஆகவே வீட்டார் இருக்கிறார்களா என்று தேடுவது முதல் வேலை. பக்கத்துத் தேநீர்க் கடை, ஆட்டோ நிறுத்தம், பால் ஊற்றுகிறவர் என்று விசாரியுங்கள். காவல் நிலையத்தில் தகவல் சொல்லி வையுங்கள். மருத்துவரிடம் மைக்ரோசிப் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். படத்தைப் பகிரும்போது ஓர் அடையாளத்தை மட்டும் மறைத்துவிடுங்கள். வால் நுனி வெட்டுக்காயம், உள்ளங்காதில் மச்சம் என்று ஏதாவது இருக்கும். இன நாய்க்குச் சொந்தம் கொண்டாடிக்கொண்டு பலர் வருவார்கள். அந்த அடையாளத்தைச் சொல்கிறவரே உரியவர்.

உரிமையாளரே தர விரும்பினால், "ஏன்?" என்று கடிந்து கேட்க வேண்டாம். திட்டு வாங்கியவர் உங்களிடம் தராமல் சாலையில் விட்டுவிடுவார். விலங்கு வதைத் தடைச் சட்டம் 1960இலிருந்து இருக்கிறது. நாயைப் பட்டினியில் தவிக்கும்படி கைவிடுவது அதன்படி குற்றம். ஆனால் முதல் குற்றத்துக்கு அபராதம் ஐம்பது ரூபாயைத் தாண்டாது. சட்டத்தின் பயம் அவ்வளவுதான். உங்கள் கனிவான குரல்தான் நாயைக் காப்பாற்றும். ஒரு மாதம் அவகாசம் கேளுங்கள், கூடலுக்கு ஒருமுறை வரச் சொல்லுங்கள். முடியவே முடியாது என்றால் ஒப்படைப்புக் கடிதத்தில் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். நாய் யாரையாவது கடித்திருக்கிறதா என்பதை அதில் தனி வரியாக எழுதச் சொல்லுங்கள்.

பயந்த நாயைப் பிடித்தல்

துரத்தாதீர்கள். துரத்தி ஓடுவதற்கென்றே தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி வளர்த்த உடலைத் துரத்திப் பிடிக்க முடியாது. நெடுஞ்சாலைப் பக்கம் என்றால் நீங்கள் துரத்துவதே அதன் சாவுக்குக் காரணமாகிவிடும்.

விருதுநகர்ப் பக்கம் நான்குவழிச் சாலையோரம் ஒரு சாம்பல் நிறச் சிப்பிப்பாறைப் பெட்டை ஒன்பது நாள் எங்களைக் காக்க வைத்தது. அங்கே இட்லிக் கடை போட்டிருந்த அம்மாதான் முதலில் பார்த்தவர். ஆளாளுக்குச் சாப்பாடு வைத்து அலைக்கழிக்க வேண்டாம், அவர் ஒருவர் மட்டும் காலை ஐந்தரைக்கு ஒரே இடத்தில், ஒரே ஈயத் தட்டில் முட்டைச் சோறு வைக்கட்டும் என்று முடிவு செய்தோம். முதல் மூன்று நாள் அவர் திரும்பி நடந்த பிறகே நாய் புதரிலிருந்து வந்தது. நான்காம் நாள் தட்டை வைத்துவிட்டு முதுகைக் காட்டிக்கொண்டு பத்தடியில் உட்கார்ந்தார். ஏழாம் நாள் தட்டு அவர் மடிக்குப் பக்கத்தில் இருந்தது. ஒன்பதாம் நாள் காலை, அது தலையைக் குனிந்து நக்கிக்கொண்டிருக்கும்போது, அவர் கையை மேலிருந்து கொண்டுபோகாமல் தாடைக்குக் கீழிருந்து கொண்டுபோய், காதின் பின்னால் சொறிந்துகொண்டே, பட்டையை மெல்லத் தலைக்கு மேல் நழுவவிட்டார். நாங்கள் நான்கு பேரும் இருநூறு மீட்டருக்கு அப்பால் வண்டிக்குள் மூச்சுவிடாமல் இருந்தோம். நாய் ஒருமுறை திமிறியது. அவர் அசையவில்லை. பிறகு அது அவர் சேலை மடிப்பில் முகத்தைப் புதைத்துக்கொண்டது.

அந்த ஒன்பது நாள் படிப்பினை இதுதான்: ஒரே ஆள், ஒரே நேரம், ஒரே தட்டு. கண்ணுக்கு நேர் பார்க்கக் கூடாது, மேலே குனிந்து நிற்கக் கூடாது. அவசரமான இடத்தில் பொறிக்கூண்டு தேவைப்படும்; அதை அனுபவமுள்ள விலங்கு நல அமைப்பிடம் கேட்டு வாங்கி அவர்கள் உதவியோடு வையுங்கள். இந்த வேலையில் இறங்குகிற ஒவ்வொருவரும் வெறிநோய் முன்தடுப்பூசி போட்டிருக்க வேண்டும். இதில் மட்டும் தாட்சண்யம் பார்க்க வேண்டாம்.

முதல் பதினான்கு நாள்

நேராகக் கால்நடை மருத்துவரிடம் போங்கள், அதன் பிறகுதான் வீடு. உண்ணிக் காய்ச்சலுக்கு ரத்தப் பரிசோதனை கேளுங்கள். ஈறு வெளுத்து, மூக்கில் ரத்தம் கசிந்தால் அது பெரும்பாலும் உண்ணி தந்த நோய். மற்ற நாய்கள் உள்ள வீட்டில் பதினான்கு நாள் தனி அறை, தனித் தட்டு, தனிச் செருப்பு. கழுவ ஒரு பங்கு பிளீச்சிங் திரவத்துக்கு முப்பது பங்கு தண்ணீர் கலந்து பத்து நிமிடம் ஊறவிட வேண்டும். வெறும் ஃபினாயிலுக்குப் பார்வோ சாகாது.

பட்டினி கிடந்த நாய்க்கு முதல் நாளே வயிறு நிறையப் போடுவதுதான் நல்ல மனம் படைத்தவர்கள் செய்யும் பெரிய தவறு. வற்றிய உடலில் உணவு ஒரேயடியாகச் சேர்ந்தால் ரத்தத்தில் பாஸ்பரஸும் பொட்டாசியமும் சரிந்து இதயமே நின்றுவிடலாம். தேவையான அளவில் கால் பங்கை ஐந்தாறு வேளையாகப் பிரித்துக் கொடுங்கள். அவித்த கோழியும் முட்டையும் கூடுதலாக, சோறு குறைவாக. ஒரு வாரத்தில் மெல்ல மெல்ல முழு அளவுக்கு வரலாம். மருத்துவரைக் கேட்டே ஒவ்வொரு படியும்.

கருத்தடை அறுவைக்கு முன் மருத்துவரிடம் ஒன்றை நினைவூட்டுங்கள். உடலில் கொழுப்பு குறைந்த ஓட்ட நாய்களுக்குத் தயோபென்டோன் போன்ற பழைய மயக்க மருந்து தெளிய வெகு நேரம் பிடிக்கும், ஆபத்தும் உண்டு. கிரேஹவுண்ட் என்ற மேலைநாட்டு ஓட்ட நாயில் நன்றாகத் தெரிந்த விஷயம் இது. அதே மெலிந்த வாகுள்ள சிப்பிப்பாறைக்கும் கன்னிக்கும் அந்த எச்சரிக்கையோடுதான் மருந்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அறுவை முடிந்ததும் போர்வை போர்த்துங்கள். இவற்றுக்குச் சீக்கிரம் குளிர் ஏறும்.

காது கேளாத வெள்ளை நாய்

ராஜபாளையம் மீட்பில் இது தனி அத்தியாயம். வெண்மையைத் தரும் அதே நிறமிக் குறைவு உள்காதையும் தொட்டுவிடுவதால் சில குட்டிகள் செவிடாகவே பிறக்கின்றன. விற்பவர் சொல்லமாட்டார், வாங்கியவர் பிடிவாதக்கார நாய் என்று அடிப்பார். நாய் உறங்கும்போது, அது காணாத பக்கத்திலிருந்து, தரை அதிராமல், சாவிக்கொத்தை ஆட்டிப் பாருங்கள். காது மடல் கூட அசையாவிட்டால் சந்தேகம் உறுதி. ஒரு காது மட்டும் கேளாத நாயை இப்படிக் கண்டுபிடிக்க முடியாது. மூளை அலையை அளக்கும் பேயர் சோதனைதான் சொல்லும்.

முத்து என்று நாங்கள் பெயரிட்ட கடுவன் அப்படி வந்தவன்தான். கூப்பிட்டால் வரவில்லை என்று அவனை மூன்று வீடு கைமாற்றியிருந்தது. தற்காலிகமாக வளர்த்த பெண் முதல் இரவே விளக்கை இரண்டு முறை அணைத்துப் போட்டார். தலை உயர்ந்தது. உடனே ஒரு துண்டு ஈரல். மறுபடி விளக்கு, மறுபடி ஈரல். ஒரு வாரத்தில் தோட்டத்தின் கோடியிலிருந்து டார்ச் ஒளிக்கு ஓடி வந்தான். உள்ளங்கை கீழே தாழ்ந்தால் உட்கார், மார்பைத் தொட்டால் வா, கட்டை விரல் உயர்ந்தால் சபாஷ். தூங்கும்போது தொட்டு எழுப்பாமல், மூக்குக்கு அருகே கையை நீட்டி மோந்து விழிக்க வைத்தார். இப்படிப்பட்ட நாயைக் கயிறில்லாமல் வெளியே விடக் கூடாது. வேறு குறை ஒன்றும் அதற்கு இல்லை.

வீடு தேடித் தருதல்

விளம்பரத்தில் "நல்ல காவல் நாய்" என்று எழுதாதீர்கள்; சங்கிலியோடுதான் வருவார்கள். நாயின் அன்றாடத்தை எழுதுங்கள்: காலையில் ஓட வேண்டும், பூனையோடு ஒத்துப்போகாது, அந்நியர் தொட்டால் பிடிக்காது. குறையை முதலிலேயே சொன்னால் பத்துப் பேரில் எட்டுப் பேர் விலகுவார்கள். மிஞ்சும் இருவர்தான் உங்களுக்கு வேண்டியவர்கள்.

வீட்டுக்கு நேரில் போங்கள். வாடகை வீடென்றால் வீட்டு உரிமையாளர் சம்மதத்தை எழுத்தில் கேளுங்கள். மதில் உயரத்தை அளந்து பாருங்கள். வீட்டில் உள்ள முதியவரிடம் தனியாகப் பேசுங்கள்; பகல் முழுவதும் நாயோடு இருக்கப்போகிறவர் அவர்தான், ஆனால் அவரை யாரும் கேட்டிருக்கமாட்டார்கள். கருத்தடை செய்யாமல் நாயைக் கொடுக்காதீர்கள். இனத்தைக் காப்பாற்றக் குட்டி எடுக்க வேண்டாமா என்று கேட்பார்கள். பெற்றோரின் உடல்நிலையும் வரலாறும் தெரியாத நாயிடமிருந்து இனத்தைக் காப்பாற்ற முடியாது. அது தெரிந்த வளர்ப்போர் செய்ய வேண்டிய வேலை.

ஒப்பந்தம் ஒரு பக்கம் போதும்: நிரந்தரமாகச் சங்கிலியில் கட்டுவதில்லை, வேட்டைக்கு அழைத்துச் செல்வதில்லை, வேண்டாம் என்றால் குழுவிடமே திருப்பித் தருவது. கடைசி வாக்கியத்தை அவர்களே வாய்விட்டு வாசிக்கட்டும்.

பணம், பதிவு

செலவு வரும், வாக்குவாதமும் வரும். ஒவ்வொரு ரசீதையும் படம் எடுத்து அன்றே எல்லாருக்கும் அனுப்பிவிட்டால் பாதிச் சண்டை குறையும். தனிநபர் கணக்கில் நன்கொடை வாங்காதீர்கள். ஏழு பேர் சேர்ந்தால் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975இன் கீழ்ப் பதிவு செய்து, சங்கத்தின் பெயரில் வங்கிக் கணக்கு தொடங்கலாம். கையில் இரண்டு நாயின் மருத்துவச் செலவுக்குப் பணம் இருக்கும்போதுதான் மூன்றாவது நாய்க்குச் சரி சொல்ல வேண்டும். மறுப்பது நெஞ்சை அறுக்கும். ஆனாலும் கடனில் மூழ்கிய குழு அடுத்த ஆண்டு இருக்காது, அப்போது வரும் நாய்களுக்கு யாரும் இருக்கமாட்டார்கள்.

கொடுத்த பிறகு

மூன்றாம் நாள் தொலைபேசியில் கேளுங்கள்: சாப்பிட்டதா, எங்கே படுத்தது? முதல் சில நாள் கட்டிலுக்கு அடியிலேயே கிடப்பது இயல்பு என்று சொல்லித் தைரியம் கொடுங்கள். மூன்றாம் வாரம் இன்னொரு அழைப்பு. நாய் தன் சுபாவத்தைக் காட்டத் தொடங்கும் நேரம் அது, உறுமலும் வரும். திருப்பித் தர நினைப்பவர்கள் நினைப்பதும் அந்த வாரத்தில்தான். மூன்றாம் மாதம் நேரில் போங்கள். நாயின் கழுத்தைத் தடவிப் பாருங்கள், சங்கிலித் தழும்பு புதிதாக இருக்கிறதா என்று. தொடையைப் பாருங்கள். தடுப்பூசி அட்டையைப் பாருங்கள். தேதியைப் பேரேட்டில் எழுதிவிட்டு, அடுத்த மாதக் கூடலுக்கு அந்த வீட்டாரை நாயோடு வரச் சொல்லுங்கள். உபரிப் பட்டைகளில் ஒன்றை அவர்கள் கையில் கொடுத்துவிட்டு வாருங்கள்.